புள்ளிக்கு வலப்புறம்

சோம்போர்.
பெயரைக் கேட்டதும் நமக்குக் கொட்டாவி வரும்.
செர்பியாவின் வடக்கே தட்டையான மண்,
ஒரு வருடம் சூரியகாந்தி, மறுவருடம் சோளம்.
அங்கே யாரும் சோம்பியிருந்து நான் கேள்விப்பட்டதில்லை,
ல்யூபிங்கா நிச்சயமாக இல்லை.
நூற்றிருபது பெட்டித் தேனீ,
ஒரு பழைய வேன்,
அதன் பின்கதவில் அவளே நீலத்தில் எழுதிய இணைய முகவரி.
இடப்பக்கம் தாராளமாகத் தொடங்கிவிட்டாள்;
புள்ளிக்கு அப்பால் வரும் ஒய், யு இரண்டும்
கைப்பிடிக்கு அடியில் ஒண்டிக்கொண்டு நிற்கும்.

ஒய், யு. ஒரு நாட்டின் சுருக்கெழுத்து.
நாடு உடைந்தது, குறுகியது,
பிறகு ஒரு பிப்ரவரியில் பெயரையும் கழற்றிவைத்தது.
முகவரி மட்டும் சேதி எட்டாத குமாஸ்தாவைப் போல
இன்னும் ஏழு வருடம் வேலைக்குப் போய்வந்தது.

இரண்டாயிரத்துப் பத்து, மார்ச்.
முப்பதாம் தேதியோடு சரி என்று கடிதம்.
ஓக்னியெனைக் கூப்பிட்டாள்.
பல் டாக்டருக்கும் சவப்பெட்டிக் கடைக்கும்
இணையதளம் பார்த்துக்கொள்பவன்.
"டொமைன் என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்."
அவனுக்குச் சுருக்கம் வராது.

பெயரை நாம் இடமிருந்து வாசிக்கிறோம்,
இயந்திரம் வலமிருந்து விசாரிக்கிறது.
எல்லாப் பெயருக்கும் கடைசியில்
யாரும் தட்டாத இன்னொரு புள்ளி இருக்கிறது,
அதுதான் வேர். முதல் கேள்வி அங்கே:
இந்த ஒய், யு யார் பொறுப்பு?
வேர் ஒரு திசையில் கைகாட்டும்.
அங்கே போய் அடுத்த பெயர், இன்னொரு கைகாட்டல்.
தேன் அவர்கள் யாரிடமும் இல்லை,
அடுத்த கதவு எது என்பதுதான் தெரியும்.
முடிவில் ஓர் எண் கிடைக்கும்;
அந்த எண்ணில் இருக்கிறது உன் பக்கம்,
நோவி சாதில், ஒரு நிலவறையில், விசிறிச் சத்தத்துக்கு நடுவே.

"இதில் எதை அழிக்கிறார்கள்?"
"முதல் கைகாட்டலை."
"என் பக்கம்?"
"அங்கேயேதான் இருக்கும்."
"எண்?"
"அதுவும்."
மேசையில் கிடந்த தேன் கத்தியை எடுத்து நக்கினாள்.
"ஆனால் என்னைத் தேடி வருபவரிடம்
அப்படி யாருமில்லை என்பார்கள்."
"உன்னிடம் வரவே மாட்டார்கள்.
அப்படி ஒரு நாடே இல்லை என்று வாசலிலேயே சொல்லிவிடுவார்கள்."
"அது உண்மைதானே," என்றாள் ல்யூபிங்கா.

நம் எழுத்தில் புள்ளி விழுந்தால் உயிர் போய்விடும்,
மெய் மட்டும் நிற்கும்,
வாய்விட்டு ஒலிக்கப் பக்கத்தில் ஓர் உயிர் வேண்டி.
சோம்போரில் இது யாருக்குத் தெரியும்.
எனக்கென்னவோ அந்தப் பின்கதவை நினைத்தால்
புள்ளிதான் முதலில் கண்ணில் படுகிறது.

ஆர், எஸ் என்று புதிய வால் வாங்கினாள்.
வேனுக்கு அரை டப்பா நீலம்.
ஒட்டித் தீராத மூவாயிரம் லேபிள்களில்
இரவில் வானொலி கேட்டபடி
கடைசி இரண்டெழுத்தைப் பேனாவால் அடித்தாள்,
எழுநூறில் கை வலித்தது, விட்டுவிட்டாள்.
விற்றுப்போன புட்டிகளை யார் திருத்துவது?
ஸ்கோப்யேவின் ஒரு சமையலறை, ரியேகாவில் இன்னொன்று,
தேன் கெடாது. அதன் மேல் அந்த இரண்டெழுத்து.

வேலமரம்போல் முள்ளுள்ள அக்கேசியா பூத்த மே மாதம்
துஸ்லாவிலிருந்து ஓர் அஞ்சலட்டை.
சும்ரா. பதினோரு வருட வாடிக்கை,
குரல்கூடக் கேட்டதில்லை.
"உன் பக்கம் செத்துவிட்டதா, நீயா?"
விலாசம்: தேன்காரி ல்யூபிங்கா, சோம்போர்,
அதன் கீழே, கை பழகிய வேகத்தில், பழைய நாட்டின் பெயர்.
எந்த ஊர்த் தபாலிலோ யாரோ
அதைச் சிவப்புப் பென்சிலால் அடித்துவிட்டு
சரியானதை எழுதியிருக்கிறார்கள்.
இன்னொரு கை ஓரத்தில் குறித்திருக்கிறது:
கால்வாய்க்கு அப்புறம், நீல வேன்.

அட்டையின் பின்பக்கம், இடமில்லாமல் சாய்வாக:
அக்கேசியா இரண்டு புட்டி, சூரியகாந்தி வேண்டாம்,
போன தடவை உறைந்துபோயிற்று.